பரணிலிருந்து இறங்கிய பழைய ஸ்டீரியோ ரிசீவர்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

மாமா 1979-ல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஸ்டீரியோ ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இருக்கும் பெட்டி, எங்கள் வீட்டுப் பரணில் பதினெட்டு வருடம் கிடந்தது. அம்மா அதைப் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்ததால் தூசி அதிகம் ஏறவில்லை, ஆனால் இறக்கி வைத்துச் சுவிட்சைப் போட்டபோது டயல் விளக்கு மட்டும் எரிந்தது, ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டதிலிருந்து உறவுக்காரர்கள், நண்பர்கள் என்று பலருடைய பெட்டிகள் என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு பாகம்கூட மாற்றாமல், அல்லது நூறு இருநூறு ரூபாய்ப் பொருளை மாற்றியதில், மறுபடி பாடத் தொடங்கிவிட்டன. பிழைக்காமல் போனவை எல்லாம் யாரோ அவசரப்பட்டுக் கைவைத்தவை.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். 1970-களின் ரிசீவர்கள் தாராளமாகச் செய்யப்பட்டவை. ஜப்பானியக் கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று வாட் கணக்கில் போட்டிபோட்ட காலம் அது. 1978-ல் வந்த பயோனியர் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், தனித்தனி டிரான்சிஸ்டர்கள், விரல் நுழையும் அளவு இடைவெளி விட்ட போர்டுகள். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு நல்ல சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, பூதக்கண்ணாடி, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு ஜோடி ஸ்பீக்கர். இவ்வளவுதான் வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் இணையத்தில் பெரும்பாலும் கிடைக்கும், எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள், அதை இறக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பிளக்கைச் செருகும் முன்

பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்ற பெட்டி என்றால் 120 வோல்ட், ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி என்றால் 100 வோல்ட். இரண்டையும் நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதற்கு மாற்று கிடைப்பது மிகக் கடினம். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், தகட்டில் 200 வாட் என்று போட்டிருந்தால் 300 முதல் 500 விஏ வரை உள்ளதாக வாங்குங்கள், சின்னதை வாங்கி அது சூடேறி நாற்றமடிப்பதைப் பார்க்க வேண்டாம். சிங்கப்பூர், வளைகுடா வழியாக வந்த பெட்டிகளில் பெரும்பாலும் வோல்டேஜ் மாற்றும் சுவிட்சோ திருகும் பிளக்கோ பின்னால் இருக்கும். அதில் 220, 240 இரண்டும் இருந்தால் 240-ல் வையுங்கள். நம் வீடுகளில் ராத்திரி நேரத்தில் 240-ஐத் தாண்டுவது சாதாரணம்.

அடுத்தது சீரிஸ் லேம்ப். பழைய எலக்ட்ரீஷியன்கள் எல்லோரிடமும் ஒரு சீரிஸ் போர்டு இருக்கும்: ஒரு குண்டு பல்பு ஹோல்டரும் ஒரு பிளக் பாயிண்டும் தொடர் இணைப்பில். ஃபேஸ் வயர் பல்பு வழியாகப் போய் அப்புறம்தான் பெட்டிக்குப் போகும். சின்ன ரிசீவருக்கு 60 வாட், பெரியதற்கு 100 வாட் குண்டு பல்பு போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடேறச் சூடேற மின்தடை கூடும் இழைதான் இங்கே வேலை செய்கிறது. ஸ்டெப்டவுன் இருந்தால் அதற்கும் முன்னால், 230 வோல்ட் பக்கம் பல்பை வையுங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைக் குறைத்துவிட்டு, சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கி, இழை மட்டும் சிவப்பாகத் தெரியும் நிலைக்கு வந்தால் உள்ளே ஷார்ட் இல்லை. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணையுங்கள். அந்தப் பல்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்த மின்சாரம் முழுவதும் உங்கள் டிரான்சிஸ்டர்களில் இறங்கியிருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பல்பு வழியாக ஓடும்போது உள்ளே வோல்டேஜ் குறைவு, அதனால் ஸ்பீக்கரை இணைக்கும் மின்காந்தச் சுவிட்சான ரிலே சேராமல் இருக்கலாம், அதை வைத்துக் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள்.

மூடியைத் திறந்தபின் ஒரு எச்சரிக்கை. உள்ளே நிற்கும் பெரிய கண்டன்சர்கள், டம்ளர் உயரத்துக்கு இரண்டு இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 40, 50 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது பழைய கெட்ட பழக்கம். 220 ஓம் 5 வாட் மின்தடை ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப் வைத்துப் பத்துப் பதினைந்து வினாடி பிடியுங்கள், மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பின் கை வையுங்கள். பெட்டி ஓடும்போது அளந்தால் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், காலில் செருப்பு இருக்கட்டும், வீட்டில் யாராவது ஒருவர் இருக்கட்டும்.

உயிரே இல்லை

விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பவர் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு கால்களுக்கு நடுவே ஓம் அளவெடுங்கள். சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் வயர், சுவிட்ச், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று எல்லாம் தொடர்பில் இருக்கின்றன. ஒன்றும் காட்டாவிட்டால் வரிசையாகப் பின்தொடர்ந்து எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வயர், பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இறுகி உள்ளேயே ஒடிந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஃபியூஸ் போயிருந்தால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி நடுவில் மெல்ல அறுந்து கண்ணாடி சுத்தமாக இருந்தால் வயசானதாகவோ சின்ன அதிர்ச்சியாகவோ இருக்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்து வெள்ளி பூசியது போல் இருந்தால் பெரிய ஷார்ட். அப்படிப்பட்ட பெட்டியில் புது ஃபியூஸ் போட்டு உடனே செருகாதீர்கள், முதலில் ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரையும் கீழே சொல்லும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் அளந்து பாருங்கள். ஃபியூஸுக்குப் பதில் வயர் இழை சுற்றுவதோ, 3 ஆம்பியர் இடத்தில் 10 போடுவதோ வேண்டவே வேண்டாம்.

விளக்கு எரிகிறது, ஆனால் அந்த 'டக்' சத்தம் வரவில்லை

எங்கள் மாமா பெட்டிக்கு வந்த கோளாறு இதுதான், அதிகமாக வருவதும் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நல்ல ரிசீவரில் சுவிட்ச் போட்ட மூன்று முதல் எட்டு வினாடிக்குள் உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது ஸ்பீக்கர் ரிலே. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் டிசி வோல்டேஜ் எதுவும் நிற்கவில்லை என்று பாதுகாப்புச் சுற்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஸ்பீக்கரை இணைக்கும். டக் வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று: ஆம்ப்பில் உண்மையாகவே கோளாறு, அல்லது காவலுக்கு நிற்கும் சுற்றுக்கே கோளாறு. இதைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு அளவு போதும்.

மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை கிளிப் போட்டு சேசிஸில், அதாவது பெட்டியின் உலோகச் சட்டத்தில், மாட்டிவிடுங்கள். சிவப்பு முனையை, ரிலேவுக்கு முன்னால் ஆம்ப்பின் வெளியீடு வரும் இடத்தில் வைக்க வேண்டும். டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் சதுரமாக நிற்கும் பெரிய மின்தடைகள் தெரியும், 0.22 முதல் 0.5 ஓம் வரை எழுதியிருக்கும். ஒரு சேனலின் இரண்டு மின்தடைகளும் சந்திக்கும் புள்ளிதான் வெளியீடு. முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் அந்த நொடியே டிரான்சிஸ்டர் போய்விடும், ஆகவே பெட்டியை அணைத்துவிட்டுக் கொக்கி கிளிப்பை மாட்டி, அப்புறம் ஆன் செய்து படியுங்கள். இரண்டு சேனலுக்கும் இப்படியே.

இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் மீட்டரைச் சின்ன அளவுக்கு மாற்றிப் பாருங்கள், இரண்டிலும் 50 மில்லிவோல்ட்டுக்குள் வந்தால் ஆம்ப் நலமாக இருக்கிறது, காவல் சுற்றைப் பாருங்கள். அதில் இருக்கும் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள்தான் அந்தச் சில வினாடித் தாமதத்தைத் தருபவை, அவை காய்ந்துபோயிருக்கும். அல்லது ரிலேவை இயக்கும் டிரான்சிஸ்டர், அல்லது ரிலே காயிலுக்கு வரும் சப்ளை. மாமா பெட்டியில் போயிருந்தது ஒரே ஒரு கண்டன்சர். பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

ஒரு சேனலில் மட்டும் 30, 40 வோல்ட் என்று நின்றால் அந்தப் பக்க அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்க நல்ல வாய்ப்பு. ஓரிரு வோல்ட் என்றால் அதற்கு முந்தைய டிரைவர் நிலையிலோ நுழைவு நிலையிலோ தேடுங்கள். இரண்டு சேனலிலும் ஒரே மாதிரிப் பெரிய வோல்டேஜ் வந்தால் டிரான்சிஸ்டரைச் சந்தேகப்படும் முன் பிளஸ், மைனஸ் சப்ளை இரண்டும் வருகிறதா என்று பாருங்கள், ஒரு பக்கத்து உள் ஃபியூஸ் போயிருந்தாலே இப்படி ஆகும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ரிலேவை நேரடியாக வயர் போட்டு இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. என் நண்பன் தன் பெட்டியை ஒரு கடையில் கொடுத்தான், அவர்கள் அப்படித்தான் செய்து "பாடுது சார்" என்று கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் பாடியது. அப்புறம் ஒரு நாள் ஒரு பக்க அவுட்புட் டிரான்சிஸ்டர் போனது, ஊஃபர் கூம்பு வெளியே தள்ளிக்கொண்டு அப்படியே நின்றது, முன்பக்கத் துணி வழியாகப் புகை வந்தது. 40 வோல்ட் டிசி 8 ஓம் சுருளில் நின்றால் 5 ஆம்பியர், 200 வாட் சூடு, இடைவிடாமல். அவன் அப்பா வாங்கிய ஸ்பீக்கர் அது, அந்த மாதிரி இன்னொன்று கிடைக்கவில்லை. ரிலே சேர மறுக்கிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது.

அவுட்புட் டிரான்சிஸ்டரை அளக்க, கண்டன்சரைக் காலி செய்துவிட்டு மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். பேஸிலிருந்து எமிட்டருக்கும் பேஸிலிருந்து கலெக்டருக்கும் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்டும், மறுதிசையில் காட்டாது. கலெக்டர்-எமிட்டர் நடுவே பீப் என்று கத்தினால் அது செத்துவிட்டது. போர்டில் வைத்தபடி அளந்தால் பக்கத்துப் பாகங்கள் குழப்பும், சந்தேகம் வந்தால் கழற்றி அளங்கள். ஒன்று போயிருந்தால் அதன் ஜோடியையும் சேர்த்து மாற்றுங்கள், அதற்கு முன் அந்தச் சேனலின் டிரைவர் டிரான்சிஸ்டர்கள், வெள்ளை மின்தடைகள் எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். பழைய உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்களுக்கு எம்ஜே21193, எம்ஜே21194 ஜோடியைப் பலர் போடுகிறார்கள். சந்தையில் போலி ஏராளம், மலிவாகக் கிடைத்தால் அதற்குக் காரணம் இருக்கும், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குங்கள். மைக்கா தகடும் ஹீட் சிங்க் பேஸ்ட்டும் புதிதாக வைத்து, திருகிய பின் டிரான்சிஸ்டர் உடலுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தொடர்பில்லை என்று மீட்டரில் பார்த்துவிட்டு, மறுபடி சீரிஸ் பல்பில்தான் முதல் ஓட்டம்.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது, அல்லது வந்து வந்து போகிறது

திறக்காதீர்கள். முதலில் முன்பக்கம் இருக்கும் டேப் மானிட்டர் பொத்தானைப் பாருங்கள். அது அழுந்தியிருந்தால் பெட்டி டேப் டெக்கிலிருந்து சத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும், அதனால் சத்தமே வராது. அந்த ஒரு பொத்தானுக்காகவே பெட்டி கெட்டுவிட்டது என்று எடுத்து வந்தவர்கள் உண்டு. பேலன்ஸ், மோனோ-ஸ்டீரியோ சுவிட்ச், ஸ்பீக்கர் ஏ-பி தேர்வு எல்லாவற்றையும் பல முறை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சில பெட்டிகளில் பின்னால் ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று இருக்கும், அவற்றை இணைக்கும் யு வடிவ உலோகத் துண்டு கறுத்துப்போயிருந்தால் ஒரு சேனல் போய்விடும், கழற்றித் துடைத்து மாட்டினால் தீர்ந்தது.

அப்புறம் இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை. அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் வயர்களை இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் ஸ்பீக்கரோடு சேர்ந்து போனால் கோளாறு ஸ்பீக்கரிலோ வயரிலோ. பெட்டியில் அதே பக்கத்திலேயே நின்றால், இப்போது பின்னால் நுழையும் சிக்னல் கேபிளை மாற்றிச் செருகுங்கள். கோளாறு பக்கம் மாறினால் கேபிளோ மூலக் கருவியோ, மாறாவிட்டால்தான் ரிசீவர்.

வால்யூமைக் கூட்டினால் பட்டென்று வந்துவிடுகிறது, குறைத்துச் சிறிது நேரம் வைத்தால் மங்கிக் கரகரத்துப் போகிறது என்றால் அநேகமாக ரிலேயின் முனைகள்தான். எங்கள் பெட்டியில் இதுவும் இருந்தது. ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியபோது, வெள்ளியாக மின்ன வேண்டிய நான்கு சிறு பொட்டுகளும் விளக்குத் திரிக் கரி படிந்தது போல் இருந்தன, நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு பளபளப்பு, அந்த அளவு இடத்தில்தான் அத்தனை பாட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். தடித்த விசிட்டிங் கார்டிலிருந்து மெல்லிய பட்டை வெட்டி, கான்டாக்ட் கிளீனரில் நனைத்து, முனைகளுக்கு நடுவே விட்டு, விரலால் மெதுவாக அழுத்தி வெளியே இழுங்கள். பட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப இழுத்து, கடைசியாக உலர்ந்த பட்டையால் ஒரு தடவை. முனை குழிவிழுந்து போயிருந்தால் அதே காயில் வோல்டேஜ், அதே கால் அமைப்பில் புது ரிலே, பெரும்பாலும் 24 வோல்ட் வகை.

பெட்டியைத் தட்டினால் சத்தம் வந்து போகிறது என்றால் டிரை சால்டர். ஒரு ஐஸ் குச்சியை எடுத்து, மெல்லிய சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு, போர்டில் ஒவ்வொரு பாகமாக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். எங்கே தொட்டால் சத்தம் வெட்டுகிறதோ அந்த இடத்தின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பாகத்தின் காலைச் சுற்றி முடியளவு மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். ஈயம் விட்டு நிற்கும் இடம் அது. பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள். கனமான பாகங்கள், சூடேறும் பாகங்கள், ஸ்பீக்கர் டெர்மினல் கால்கள், இங்கேதான் அதிகம்.

குமிழைத் திருப்பினால் கரகரப்பு

இது நோய் என்றுகூடச் சொல்ல முடியாது. கான்டாக்ட் கிளீனரை வால்யூம் கண்ட்ரோலின் உடலில் இருக்கும் சிறு துவாரத்துக்குள் அடித்து, முப்பது நாற்பது முறை முழுச்சுற்றாகத் திருப்புங்கள். துரு நீக்கும் பொதுவான எண்ணெய் ஸ்ப்ரேயைப் போடாதீர்கள், அது உள்ளே பிசுக்காக நின்று தூசியைச் சேர்க்கும், கார்பன் தடத்துக்கும் நல்லதல்ல.

நன்றாகக் கழுவிய பிறகும் வால்யூம் கரகரக்கிறது என்றால் அது அழுக்கு அல்ல, டிசி. பாட்டை விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய, முந்தைய நிலையின் கப்ளிங் கண்டன்சர் லீக் ஆகி, குமிழின் மேல் டிசி ஏறுகிறது. குமிழின் மேல் காலில் மில்லிவோல்ட் அளவில் பாருங்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் கண்டன்சரை மாற்றுங்கள். இது தெரியாமல் குமிழையே மாற்றி, அது கிடைக்காமல் அலைந்து திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'உம்' என்று இரைச்சல்

வால்யூமை முழுக்கக் குறையுங்கள். உம் மறைந்தால் அது வால்யூமுக்கு முன்னாலிருந்து வருகிறது: கேபிள், எர்த், ஃபோனோ (ரெக்கார்டு பிளேயரைச் செருகும் துளை). மறையாமல் அப்படியே இருந்தால் வால்யூமுக்குப் பின்னால்: சப்ளை.

முன்னால் என்றால் பின்பக்கக் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். டிவி செட்டாப் பாக்ஸின் ஆடியோவை ரிசீவருக்குக் கொடுத்திருந்தால் அந்த கேபிள் வழியாக எர்த் சுற்று உண்டாகி உம் வருவது மிகவும் சகஜம். ரெக்கார்டு பிளேயர் என்றால் அதிலிருந்து வரும் தனி எர்த் வயர் ரிசீவரின் ஜிஎன்டி திருகில் மாட்டியிருக்க வேண்டும். இன்னொன்று, மொபைலை ஃபோனோ துளையில் செருகிவிட்டு "சத்தம் கிழிகிறது" என்கிறார்கள். ஃபோனோ சுமார் 2.5 மில்லிவோல்ட் சிக்னலுக்காகச் செய்தது, ஆக்ஸ் என்கிற பொதுத் துளை சுமார் 150-க்கு, அறுபது மடங்கு வித்தியாசம். மொபைல், சிடி எல்லாம் ஆக்ஸில்தான்.

பின்னால் என்றால், இரண்டு பக்கமும் ஒரே அளவில், கொஞ்சம் கூர்மையான உம் என்றால் அந்த இரண்டு பெரிய கண்டன்சர்களைச் சந்தேகப்படலாம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ரெக்டிஃபையர் தாண்டினால் 100 ஹெர்ட்ஸ் அலையாக வரும், அதைச் சமன்செய்வதுதான் அவற்றின் வேலை. மீட்டரை ஏசி நிலையில் வைத்து அவற்றின் மேல் அளங்கள், சும்மா இருக்கும்போதே ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டினால் மாற்ற வேண்டியதுதான். அதே மைக்ரோஃபாரட் அல்லது சற்றே கூட, வோல்டேஜ் அதே அளவு அல்லது மேலே, 105 டிகிரி வகை. பிளஸ் மைனஸ் மாறக் கூடாது, மாற்றுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். கண்டன்சர் அடியில் பழுப்பாகப் பசை இருந்தால் அது கசிவு என்று பதற வேண்டாம், அசையாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஒட்டியது. ஆனால் பல பெட்டிகளில் அந்தப் பசை வயசாகி, கறுத்து, பக்கத்துக் கால்களை அரிக்கும், சுரண்டி எடுத்துவிடுங்கள்.

எல்லா எலக்ட்ரோலிட்டிக்கையும் ஒரே உட்காரலில் மாற்றிவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுபது எண்பது கண்டன்சர் மாற்றினால் ஒன்றாவது தலைகீழாகப் போகும், ஒரு தடமாவது உரிந்து வரும், அப்புறம் பழைய கோளாறு எது புதுக் கோளாறு எது என்றே தெரியாது. ஒரு போர்டு, ஒரு ஓட்டம், அப்புறம் அடுத்த போர்டு.

தொடாமலே படபடவென்று, எண்ணெயில் கடுகு பொரிவது போல்

ஒரே பக்கத்தில், பாட்டு இல்லாதபோதும், விட்டுவிட்டு வரும் சத்தம் இது. சின்ன டிரான்சிஸ்டர்கள்தான் காரணம். அந்தக் காலத்து 2எஸ்சி458, 2எஸ்ஏ726 இரண்டும் இதற்குப் பேர்போனவை, அவற்றின் கால்கள் கறுத்திருப்பதைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். கேஎஸ்சி1845, கேஎஸ்ஏ992 நல்ல மாற்றுகள். கையில் இருக்கிறதே என்று பிசி547-ஐ அப்படியே சொருகாதீர்கள்: ஜப்பானிய வகைகளில் பெரும்பாலும் எமிட்டர், கலெக்டர், பேஸ் என்ற வரிசை, பிசி547-ல் கலெக்டர், பேஸ், எமிட்டர். எதுவானாலும் டேட்டாஷீட்டில் கால் வரிசையைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

எஃப்எம் எடுக்கவில்லை

ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி என்றால் இது கோளாறே அல்ல. அங்கே அப்போது எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் நிலையங்கள் 88-லிருந்து 108 வரை பரவியிருக்கின்றன, டயலில் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடமே இல்லை. மற்றப் பெட்டிகளில் முதலில் ஆன்டெனா. பின்னால் இருக்கும் 300 ஓம் திருகுகளில் டி வடிவ ரிப்பன் வயர் மாட்டுங்கள், மொத்த நீளம் ஒன்றரை மீட்டர். அமெரிக்கப் பெட்டியில் நம் நிலையங்கள் சற்று மந்தமாக, உச்சஸ்தாயி குறைந்து கேட்கும். ரேடியோ உச்சஸ்தாயியைக் குறைக்கும் அளவான டி-எம்ஃபசிஸ் அங்கே 75 மைக்ரோ வினாடி, இங்கே 50. ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

குமிழ் சுற்றுகிறது, முள் நகரவில்லை என்றால் டயல் நூல் நழுவியிருக்கிறது, சர்வீஸ் மேனுவலில் அது ஓடும் வழி படமாக இருக்கும், பொறுமையாக ஒரு மாலை ஒதுக்குங்கள். டியூனர் பகுதியில் இருக்கும் வண்ண மெழுகுத் திருகுகளை மட்டும் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் திருப்பாதீர்கள். ஒரு கால் சுற்று திருப்பியதைக் காதால் திரும்பச் சரிசெய்ய முடியாது.

சூடும் ஷாக்கும்

சும்மா இருக்கும்போதே ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை என்றால் பயஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் மின்னோட்டம், ஏறியிருக்கிறது. அந்த வெள்ளை மின்தடை ஒன்றின் இரு முனைக்கும் நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். 0.5 ஓமில் 15 மில்லிவோல்ட் என்றால் 30 மில்லியாம்பியர், சரியான அளவு எது என்று மேனுவல் சொல்லும். பயஸைச் சரிசெய்யும் சின்னத் திருகான டிரிம்பாட்டைத் தொடும் முன் பெட்டியை அணைத்து, கிளீனர் அடித்துச் சில முறை அசைத்து, அது முன்பு இருந்த இடத்திலேயே வையுங்கள். பழசான டிரிம்பாட் தொடர்பு விட்டால் பயஸ் உச்சத்துக்குப் போகும், அதனால் தேய்ந்தது என்று தெரிந்தால் புதிதாகவே போட்டுவிடுவது நல்லது.

முன்பக்க அலுமினியத்தைத் தொட்டால் விரலில் மெல்லிய நமைச்சல் மாதிரி உணர்கிறீர்களா, அதை அலட்சியம் செய்யாதீர்கள். மெயின்ஸ் பக்கத்தில் இருக்கும் பழைய தீப்பொறி அடக்கும் கண்டன்சர் கசிகிறதா என்று பாருங்கள். சுவிட்சின் குறுக்கே இருப்பதற்கு எக்ஸ் வகுப்பு, சேசிஸுக்குப் போவதற்கு ஒய் வகுப்பு, பாதுகாப்புக்கென்றே செய்த வகைதான் போட வேண்டும், சாதாரணக் கண்டன்சர் கூடாது.

எல்லாம் முடிந்ததும் மலிவு ஸ்பீக்கரை மாட்டி, சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு நேரடி மின்சாரத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு சேனலின் டிசியையும் பயஸையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நான்கு வரிசை எண்களும் ஏறக்குறைய ஒன்றுபோல நின்றால் மூடியைப் போட்டு, நல்ல ஸ்பீக்கரை இணைக்கலாம். எண்கள் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் இன்னும் வேலை முடியவில்லை, மூடியைத் திருகாதீர்கள். எழுதிய தாளை நான் மடித்து மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுவேன், அடுத்த முறை யார் திறந்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியும்.